பாபநாசம் சிவன்: பஜனை வீதியில் விளைந்த கீர்த்தனை

பாபநாசம் சிவன் (1890–1973) பாட்டைத் தாமே எழுதி, மெட்டையும் தாமே அமைத்து, தாமே பாடியும் காட்டிய வாக்கேயக்காரர். இருபதாம் நூற்றாண்டில் தமிழில் கீர்த்தனை இயற்றியவர்கள் பலர் உண்டு. அவர்களுள் சிவனைப்போல் கச்சேரி மேடை, நாட்டிய அரங்கு, திரைப்படம், வீட்டுப் பூஜையறை என்ற நான்கிலும் ஒரே காலத்தில் இடம்பிடித்தவர் வேறொருவர் இல்லை. ரசிகர்கள் அவரைத் ‘தமிழ்த் தியாகையர்’ என்று அழைத்தார்கள். அந்தப் பட்டம் அவருடைய பெருமையைச் சொல்கிறதே தவிர, அவருடைய பாணி எங்கே உருவாயிற்று என்பதைச் சொல்லவில்லை. இன்று சபாக்களில் கேட்டுப் பழகிய இந்தப் பாட்டுகளின் அமைப்பு கோயிலைச் சுற்றி நடந்துகொண்டே பாடும் பஜனைக் கோஷ்டியில் உருவானது. சிறிய பல்லவி, உடனே விளங்கும் பொருள், கேட்டவர் திருப்பிச் சொல்லத் தக்க மெட்டு ஆகியவை அங்கிருந்து வந்தவை. சிவனுடைய வாழ்க்கையையும் இசையையும் சேர்த்துப் பார்க்கும்போது இந்த உண்மை திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

அன்றைய தஞ்சை மாவட்டத்துப் போலகம் என்ற சிற்றூரில் 1890 செப்டம்பர் 26 அன்று ராமாமிருத அய்யருக்கும் யோகாம்பாளுக்கும் பிறந்த சிவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ராமய்யா. தந்தை 1897இல் காலமானபோது சிறுவனுக்கு 7 வயது. காவிரிக் கரையில் பிழைக்க வழியில்லாத நிலையில், திருவிதாங்கூர் மன்னரின் ஆதரவை நாடி, 1899இல் யோகாம்பாள் பிள்ளைகளோடு திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். தமிழ் நாட்டில் பிறந்து தமிழிலேயே பாடிய ஒருவர் படித்து வளர்ந்தது இப்படி மலையாள நாட்டில் ஆயிற்று. அங்கே அவர் மலையாளம் கற்றார். மகாராஜா சம்ஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்து வியாகரணம் பயின்று பட்டம் பெற்றார். பின்னாளில் அவர் வடமொழிச் சொற்களுக்குத் தமிழில் பொருள் தரும் அகராதி ஒன்றைத் தொகுத்தார். பாட்டு எழுதும்போது சொற்களைச் சேர்ப்பதிலும் பிரிப்பதிலும் அவர் காட்டிய துணிவுக்கு இந்த இலக்கணப் பயிற்சியே அடித்தளம்.

இசையின் ஆரம்பப் பாடம் நூரணி மகாதேவ பாகவதரிடமும் சாம்ப பாகவதரிடமும் நடந்தது. ஆயினும் அவருடைய உள்ளத்தைப் பிடித்துக்கொண்டவை நீலகண்ட சிவனின் பாடல்களும் பஜனையுமே. நீலகண்ட சிவன் (1839–1900) திருவனந்தபுரத்தில் வாழ்ந்த சிவபக்தர். பூர்விகல்யாணியில் ‘ஆனந்த நடமாடுவார்’, முகாரியில் ‘என்றைக்கு சிவக்ருபை’ முதலியவற்றை இயற்றியவர். எளிய தமிழும் கனமான ராகமும் ஒன்றோடொன்று பகைக்காமல் இருக்கலாம் என்பதை ராமய்யா இளம்வயதிலேயே அவருடைய பாட்டுகளில் கேட்டார். கச்சேரிப் பாடகர்களின் வித்தை அவருக்கு அதற்கு அப்புறம்தான் வந்தது. இந்த வரிசையை நினைவில் வைப்பது நல்லது. குருகுலத்தில் அகார சாதகமும் வர்ணமும் பயின்று, பிறகு பக்திக்கு வந்தவரல்லர் அவர். பஜனையில் தொடங்கிச் சங்கீதத்துக்கு வந்தவர்.

1910இல் தாயாரும் மறைந்தார். அதன்பின் சில ஆண்டுகள் அவர் கோயில் கோயிலாகச் சென்று பாடித் திரிந்தார். அண்ணன் ராஜகோபால அய்யர் பாபநாசத்தில் குடியேறியிருந்ததால் தம்பியும் அங்கே வந்தார். நெற்றி நிறைய விபூதியோடு உருகிப் பாடிய இளைஞரைக் கணபதி அக்கிரகாரம் என்ற ஊரின் மக்கள் சிவனாகவே கண்டு அப்பெயரால் அழைத்தார்கள் என்றும், ராமய்யா ‘பாபநாசம் சிவன்’ ஆனது அவ்வாறே என்றும் சொல்லப்படுகிறது. பெற்றோர் வைத்த பெயரை அவர் விட்டுவிடவில்லை. தம் பாடல்களில் ‘ராமதாசன்’ என்ற முத்திரையை வைத்தார். மயிலைக் கபாலியையும் பழனி முருகனையும் பாடியவர் தம்மை ராமனின் அடியானாகக் குறித்துக்கொண்டதில் அவருக்கு முரண்பாடு எதுவும் தோன்றவில்லை. சைவ வைணவப் பிணக்கின் சுவடே அவர் பாட்டில் கிடையாது.

தஞ்சைப் பகுதியில் கழிந்த ஆண்டுகள் இரண்டு வகையில் அவரை உருவாக்கின. ஒன்று, கோனேரிராஜபுரம் வைத்தியநாதய்யரின் தொடர்பு. விரிவான ராக ஆலாபனைக்கும் கம்பீரமான குரலுக்கும் பெயர்பெற்ற அவரை அணுகி சிவன் கற்றதால், கனராகங்களின் ஆழம் அவருக்குக் கைவந்தது. மற்றொன்று, திருவாரூர். தியாகேசர் சந்நிதியும் அங்கு நடக்கும் உற்சவங்களும் அவரை ஆண்டுதோறும் இழுத்தன. குந்தலவராளியில் அமைந்த ‘உன்னைத் துதிக்க’ என்ற கீர்த்தனையே அவருடைய முதல் படைப்பு எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அது திருவாரூர்த் தியாகேசர்மேல் பாடப்பட்டது. குந்தலவராளியில் ரிஷபமும் காந்தாரமும் கிடையாது. ஷட்ஜத்திலிருந்து நேரே மத்யமத்துக்குத் தாவும் அந்த ராகத்தில் நீண்ட ஆலாபனைக்கு இடம் குறைவு; துள்ளி நடக்கும் பாட்டுக்கு இடம் அதிகம். புதிதாகப் பாட்டுக் கட்ட வந்தவர் தோடியையோ கல்யாணியையோ எடுக்காமல் இதை எடுத்தது அவருடைய மனப்போக்கைக் காட்டுகிறது. கேட்பவர் இரண்டாம் முறையே உடன்பாடத் தக்க மெட்டு அது.

1930ஐ ஒட்டி அவர் சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் குடியமர்ந்தார். அதற்கு முன்பே கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். மார்கழி விடியலில் கோஷ்டியோடு மயிலை மாட வீதிகளைச் சுற்றிப் பாடும் பஜனையை அவர் முன்னின்று நடத்தினார். அவர் மறைந்த பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்து வருகிறது. இந்த பஜனை எப்படி நடக்கிறது என்பதை விரிவாகப் பார்க்க வேண்டும். சிவனுடைய கீர்த்தனை இலக்கணம் இதனுள்ளேதான் இருக்கிறது.

வீதி பஜனையில் முன்னால் பாடுபவர் ஓர் அடியைச் சொல்ல, பின்னால் வருபவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். பாடுபவர்களுள் வித்துவான்களும் இருப்பார்கள், பாட்டுப் பயிற்சியே இல்லாதவர்களும் இருப்பார்கள். கையில் ஜால்ரா, பக்கத்தில் ஒரு மிருதங்கமோ டோலக்கோ இருந்தால் அதிகம். எல்லோரும் நடந்துகொண்டிருப்பார்கள், மூச்சு நீளமாக நிற்காது. ஆகவே பாட்டின் முதல் அடி குறுகியதாகவும், அதற்குள்ளேயே ஒரு முழு எண்ணத்தைச் சொல்வதாகவும் இருக்க வேண்டும். தாளம் காலடிக்கு ஒத்துவர வேண்டும். மெட்டு சாதாரணக் குரலுக்கு எட்ட வேண்டும். சாமியின் பெயர் சீக்கிரம் வந்துவிட வேண்டும். சிவனுடைய பல்லவிகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை அப்படியே பொருந்துகின்றன. ஆதி, ரூபகம் ஆகிய தாளங்களில் அவர் மிகுதியாகப் பாடியதன் காரணமும் இதுவே.

வராளியில் உள்ள ‘கா வா வா’ இதற்குத் தக்க சான்று. வராளி எளிதில் வசப்படாத ராகம். அதன் காந்தாரத்தைச் சரியான அசைவில் நிறுத்துவது தேர்ந்தவர்களுக்கே சாத்தியம். அப்படிப்பட்ட ராகத்துக்கு சிவன் கொடுத்த சொற்கள் ஒரு குழந்தையும் சொல்லக்கூடியவை. பழனி முருகனைக் கூப்பிடுவதைத் தவிரப் பல்லவியில் வேறொன்றும் இல்லை. நெடில் ஓசையில் முடியும் அந்த அழைப்பில் ராகத்தின் கமகம் நின்று விரிய இடம் கிடைக்கிறது. சொல் மெலிதாக இருப்பதால் ராகம் தடையின்றிப் பேசுகிறது. வித்துவான் பாடும்போது அது வராளி. பாமரர் பாடும்போது அது வேண்டுதல். இரண்டும் ஒரே பாட்டில் கிடைப்பது சிவனுடைய தனிச் சாதனை.

பல்லவி எளிமையாக இருந்தாலும் பாட்டு முழுவதும் அப்படியே போவதில்லை. அவருடைய பெரிய கீர்த்தனைகள் பலவற்றில் பல்லவி பேச்சுத் தமிழின் ஒரு வாக்கியமாக இருக்கும். அனுபல்லவியில் வடமொழித் தொகைச் சொற்கள் திரளும். சரணத்தில் இரண்டும் கலக்கும். மயிலாப்பூரில் பிறந்த ‘காணக் கண் கோடி வேண்டும்’ என்ற காம்போதி ராகக் கீர்த்தனை இந்த அமைப்பின் உச்சம். அதிகார நந்தியின்மேல் கபாலீசுவரர் எழுந்தருளும் பவனியைக் கண்டு பாடியது அது. பல்லவி வியப்பை மட்டும் சொல்கிறது. அனுபல்லவி பார்த்த பொருள்களை அடுக்குகிறது: நகைகள், மாலைகள், நிலவும் விண்மீனும் கூடிய அந்தி வானமோ என்று மயங்க வைக்கும் முகம். சொற்கள் மூச்சு விடாமல் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுகின்றன. கூட்டத்தில் நின்று சாமி பார்ப்பவருக்குக் கண்ணில் படுவதும் அப்படித்தான். ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்க்க முடியாது. சரணத்தில் உடன்வரும் பிள்ளையாரும் முருகனும் சண்டேசுவரரும் கற்பகாம்பாளும் இடம்பெறுகிறார்கள். உற்சவத்தின் வரிசையே பாட்டின் வரிசையாகிறது.

யாப்பிலும் அவர் கவனமானவர். இதே பாட்டில் பல்லவியின் ‘காண’வும் அனுபல்லவியின் ‘மாணிக்க’மும் எதுகையால் இணைகின்றன. தமிழ்ச் செய்யுளின் எதுகையும் மோனையும் தெலுங்குக் கீர்த்தனை மரபின் பிராசமும் அவரிடம் ஒன்றாகிவிட்டன. எதுகை விழும் இடமும் தாளத்தின் எடுப்பும் சேர்ந்தே வருவதால், சொல்லை நினைவில் வைப்பதற்குத் தனி முயற்சி தேவைப்படுவதில்லை. சாகித்தியத்தை முதலில் எழுதிப் பிறகு மெட்டுத் தேடியவரின் பாட்டு இப்படி அமையாது. சிவனுடைய பாட்டில் இரண்டும் கூடவே பிறந்திருக்கின்றன; நெடில் எங்கே தேவை, வல்லினம் எங்கே இடிக்கும் என்பது ராகத்தைப் பாடிக்கொண்டே எழுதியவருக்குத்தான் தெரியும்.

அவர் ராகங்களைத் தேர்ந்த விதம் தனியே ஆராயத் தக்கது. தோடியில் ‘கார்த்திகேய காங்கேய’, கல்யாணியில் ‘உன்னையல்லால்’, ரீதிகௌளையில் ‘தத்வமறியத் தரமா’ ஆகியவை மும்மூர்த்திகள் ஆண்ட ராகங்களில் அவர் தயங்காமல் நுழைந்ததைக் காட்டுகின்றன. தமிழில் அதிகம் வழங்காத ராகங்களையும் அவர் எடுத்தார். 64ஆம் மேளமான வாசஸ்பதியில் ‘பராத்பரா’, 20ஆம் மேளமான நடபைரவியில் ‘ஸ்ரீ வள்ளி தேவசேனாபதே’, 21ஆம் மேளமான கீரவாணியில் ‘தேவி நீயே துணை’ ஆகியவை இன்று அந்தந்த ராகத்துக்கு முதலில் நினைவுக்கு வரும் தமிழ்ப் பாட்டுகள். முருகனின் திருமந்திரத்தைப் பாட அவர் ஷண்முகப்ரியாவை எடுத்ததில் ராகத்தின் பெயரும் தெய்வத்தின் பெயரும் ஒன்றுபடும் மகிழ்ச்சி இருக்கிறது. பஞ்சமம் இல்லாத ஹம்ஸானந்தியில் திருவேங்கடமுடையானைப் பாடிய ‘ஸ்ரீநிவாச’, ரிஷபமும் பஞ்சமமும் இல்லாத ஹிந்தோளத்தில் அமைந்த ‘மா ரமணன்’ ஆகியவை சிறிய பாட்டுகள். கச்சேரியின் நடுவில் விறுவிறுப்பூட்ட இவற்றைவிட ஏற்றவை கிடைப்பது கடினம்.

இந்தத் தேர்வில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. காட்சியை விரித்துச் சொல்ல வேண்டும் என்றால் காம்போதி, மோகனம் போன்ற பரந்த ராகங்கள். முறையிட வேண்டும் என்றால் குறுகிய வட்டத்துக்குள் சுழலும் ராகங்கள். நவரஸகன்னடத்தில் உள்ள ‘நான் ஒரு விளையாட்டு பொம்மையா’ முறையீட்டுப் பாட்டுகளின் தலைசிறந்த எடுத்துக்காட்டு. அந்த ராகத்தின் ஆரோகணத்தில் சில ஸ்வரங்களே உண்டு. ஏறுவது தாவலாக அமையும். அம்பிகையிடம் கோபித்துக்கொண்டு கேட்கும் கேள்விக்கு அந்தத் தாவல் வெடுக்கென்று பொருந்துகிறது. தெய்வத்தை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமை தேவாரத்தில் சுந்தரரிடம் காணப்படுவது. கோபாலகிருஷ்ண பாரதியின் பாட்டுகளிலும் அதன் சாயல் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அதைக் கீர்த்தனைக்குள் உயிரோடு வைத்திருந்தவர் சிவன். காபியில் ‘என்ன தவம் செய்தனை’ அதற்கு நேர்மாறான குரல். யசோதையைப் பார்த்து வியக்கும் அந்தப் பாட்டில் பாடுபவர் தமக்கென்று எதுவும் கேட்பதில்லை.

கச்சேரி மேடை இந்தப் பாட்டுகளை ஏற்றுக்கொண்டதற்குக் காலமும் துணைசெய்தது. 1930களில் கச்சேரிகளில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே பெரும்பகுதியை நிரப்பின. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி ஆகியோரின் தமிழ்ப் பாடல்கள் இருந்தும், அவை பெரும்பாலும் கடைசியில் துக்கடாவாகவே வந்தன. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்ற குரல் உரத்து எழுந்தபோது, ஆலாபனை, நிரவல், கற்பனாஸ்வரம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கக் கூடிய தமிழ்க் கீர்த்தனைகள் ஏற்கெனவே சிவனிடம் கணிசமாக இருந்தன. 1930களிலேயே அவருடைய ‘கீர்த்தன மாலை’ ஸ்வரக் குறிப்போடு வெளிவரத் தொடங்கிவிட்டது. தமிழிசை இயக்கத்துக்காக அவர் பாட்டு எழுதவில்லை. இயக்கம் தேடிய பாட்டு அவரிடம் இருந்தது. தமிழிசைக்கு வாதாடியவர்களின் கட்டுரைகளுக்கு நிகராக, நிரவலுக்கு இடம் தந்த இந்தக் கீர்த்தனைகளும் அந்த இயக்கத்துக்கு வலிமை சேர்த்தன என்பதைத் தமிழிசை வரலாறு எழுதுபவர்கள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை.

மதுரை மணி அய்யர் பாடிப் பாடிக் ‘காணக் கண் கோடி’யும் மோகனத்தில் அமைந்த ‘கபாலி’யும் அவருடைய பாட்டாகவே ரசிகர் மனத்தில் பதிந்தன. காம்போதிக் கீர்த்தனையில் சரணத்தை நிரவலுக்கு எடுத்து அவர் ஸ்வரம் பாடிய முறையில், அந்தப் பாட்டு எவ்வளவு பெரிய கட்டடத்தைத் தாங்கும் என்பது தெரிந்தது. டி. கே. பட்டம்மாள் சிவனிடமே நேரில் பாடம் செய்துகொண்டு பாடினார். சொல் சிதையாத அவருடைய உச்சரிப்பு சிவனின் சாகித்தியத்துக்கு வாய்த்த பேறு. எம். எஸ். சுப்புலட்சுமியும் மேடையிலும் திரையிலும் சிவனுடைய பாட்டுகளைப் பாடினார். நாட்டியத்துக்கு அவர் இயற்றிய பதவர்ணங்களுள் நாட்டக்குறிஞ்சியில் ‘சுவாமி நான் உந்தன்’, தன்யாசியில் ‘நீ இந்த மாயம்’ ஆகிய இரண்டும் பரதநாட்டிய மாணவர் எவரும் தாண்டிச் செல்ல முடியாதவை. அடையாறு கலாக்ஷேத்திரத்தில் சில ஆண்டுகள் இசை கற்பித்த அனுபவம் அவருக்கு இருந்ததால், அபிநயத்துக்கு எந்தச் சொல் இடம் கொடுக்கும் என்பது நன்கு தெரிந்திருந்தது. ‘ஸ்ரீராம சரித கீதம்’, ‘காரைக்கால் அம்மையார் சரித்திரம்’ என்ற நெடும்படைப்புகளும் அவருடையவை. தனிக் கீர்த்தனைகள் பெற்ற பரவலை இவை பெறவில்லை.

திரையுலகம் சிவனை அழைத்தது மயிலாப்பூர் வாழ்க்கையின் வழியாகத்தான். மயிலையில் இசை வளர்த்த வழக்கறிஞர் சுந்தரம் அய்யரின் வீட்டாரோடு அவருக்கு நெருக்கம் உண்டு. பிரபாத் நிறுவனம் தயாரித்து 1934இல் வெளிவந்த ‘சீதா கல்யாண’த்தில் சுந்தரம் அய்யரின் மகன் எஸ். ராஜம் ராமராக நடித்தார், சிறுவன் எஸ். பாலசந்தரும் அதில் தோன்றினார், இசை சிவனுடையது. அதற்குப் பிறகு ‘சேவாசதனம்’ (1938), ‘சகுந்தலை’ (1940), ‘சாவித்திரி’ (1941) என்று எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த படங்களிலும், ‘சிந்தாமணி’ (1937), ‘அம்பிகாபதி’ (1937), ‘அசோக்குமார்’ (1941), ‘சிவகவி’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944) என்று எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த படங்களிலும் அவருடைய பாட்டுகள் ஒலித்தன. பாட்டு எழுதியதோடு பலவற்றுக்கு மெட்டும் அவரே கொடுத்தார். ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ ஆகியவற்றில் ஜி. ராமநாதனின் வாத்திய இசை அந்த மெட்டுகளுக்குத் துணைநின்றது.

அக்காலத்து இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடம்தான் ஓடும். அந்த 3 நிமிடத்துக்குள் ராகத்தின் முகம் தெரிய வேண்டும், கதைக்கு வேண்டிய உணர்ச்சி வர வேண்டும், படம் பார்த்தவர் தெருவில் முணுமுணுக்க வேண்டும். கச்சேரி வித்துவான்கள் பலருக்கு இந்தச் சுருக்கம் கைவரவில்லை. வீதியில் நடந்துகொண்டே ஒரு பல்லவிக்குள் எல்லாவற்றையும் சொல்லிப் பழகிய சிவனுக்கு அது புதிதாக இல்லை. ‘ஹரிதாஸ்’ படத்தின் ‘மன்மத லீலையை’ சாருகேசியில் அமைந்தது. 26ஆம் மேளமான அந்த ராகம் அதுவரை சங்கீதம் தெரிந்தவர்களுக்கே அறிமுகம். அந்தப் பாட்டுக்குப் பிறகு ராகத்தின் பெயர் தெரியாதவர்களும் அதன் சாயலை அடையாளம் கண்டுகொண்டார்கள். ‘சிவகவி’யின் ‘சொப்பன வாழ்வில்’ விஜயநாகரியில் அமைந்தது. அரிதாகப் பாடப்படும் ராகம் ஒன்று பாகவதரின் குரலில் பட்டிதொட்டியெல்லாம் சென்றது. செஞ்சுருட்டி, சிந்துபைரவி போன்ற எளிய ராகங்களோடு இவையும் கலந்து வந்ததால், படம் பார்க்க வந்தவர்கள் தம்மை அறியாமலே ராக வேறுபாடுகளுக்குப் பழகினார்கள். தமிழ்நாட்டின் பொதுச் செவியைப் பண்படுத்தியதில் இந்தப் பாட்டுகளுக்குச் சபாக்களுக்கு நிகரான பங்கு உண்டு.

அவர் நடிக்கவும் செய்தார். கே. சுப்ரமணியம் இயக்கிய ‘பக்த குசேலா’வில் (1936) குசேலராகவும், அதே இயக்குநரின் ‘தியாக பூமி’யில் (1939) சம்பு சாஸ்திரியாகவும் தோன்றினார். பின்னர் ‘குபேர குசேலா’விலும் (1943) குசேலர் வேடம் அவருக்கே வந்தது. கல்கி எழுதிய ‘தியாக பூமி’ ஆனந்த விகடனில் படக் காட்சிகளோடு தொடராக வந்துகொண்டிருந்தபோதே படமும் உருவாகிக்கொண்டிருந்தது. புயலில் வீடிழந்த சேரி மக்களுக்குத் தம் இல்லத்தில் இடம் கொடுத்து ஊராரால் ஒதுக்கப்படும் வைதிகர், பிறகு சென்னைக் குப்பம் ஒன்றில் எளிய மக்களிடையே பஜனை செய்து வாழ்வது சம்பு சாஸ்திரியின் கதை. காந்திய உணர்வு நிறைந்த அந்தப் படத்தை அன்றைய அரசு தடைசெய்தது. சிவன் தேர்ந்த நடிகர் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாத்திரத்தின் தளர்ந்த நடையும் தாழ்ந்த குரலும் பஜனையில் கரையும் முகமும் அவருக்குச் சொந்தமானவை. வேறொருவர் நடித்திருந்தால் சம்பு சாஸ்திரி அவ்வளவு நம்பத் தக்கவராக இருந்திருக்க மாட்டார்.

1940களின் பிற்பகுதியில் திரைப்பாடலின் மொழி மாறியது. உடுமலை நாராயணகவி, மருதகாசி முதலியோரின் நாட்டுப்புறச் சாயல் கொண்ட, வடசொல் குறைந்த தமிழ் முன்னுக்கு வந்தது. சிவனுடைய பாட்டில் வடசொல் மிகுதி என்ற குறை அப்போதும் சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுகிறது. குறையில் உண்மை இருக்கிறது. திரைக்காக அவசரமாக எழுதிய சில பாட்டுகளில் தொகைச் சொற்கள் பொருளைக் காட்டிலும் ஓசைக்காகவே நிற்கின்றன. ஆயினும் அவருடைய சிறந்த கீர்த்தனைகளில் வடசொல் வரும் இடம் திட்டமானது: தெய்வத்தின் திருவுருவத்தை வருணிக்க வடசொல், தம் நெஞ்சைத் திறந்து பேசத் தமிழ். கோயிலில் வடமொழி அர்ச்சனைக்குப் பின் பக்தர் தம் தாய்மொழியில் வேண்டிக்கொள்ளும் பழக்கத்தை இது ஒத்திருக்கிறது. அவருடைய பாட்டுகளில் மக்கள் மனத்தில் தங்கியவை எல்லாம் தமிழாகவே நிற்கும் பல்லவிகள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பட்டங்கள் தாமதமாக வந்தன. சென்னை மியூசிக் அகாதெமியின் ‘சங்கீத கலாநிதி’ விருது 1971இல், அவருடைய 81ஆம் வயதில் கிடைத்தது. அகாதெமி நெடுங்காலமாகப் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையுமே முதன்மையாகக் கருதிவந்தது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அவருடைய பாட்டுகளைப் பாடியே புகழ்பெற்றவர்கள் பலர் அதற்கு முன்பே அந்த விருதைப் பெற்றுவிட்டார்கள். 1972இல் இந்திய அரசு பத்மபூஷண் வழங்கியது. 1973 அக்டோபரில் அவர் சென்னையில் காலமானார்.

அவர் இயற்றியவற்றுள் கிடைத்திருப்பவை சில நூறு. ‘கீர்த்தன மாலை’யின் தொகுதிகளும், மகள் ருக்மிணி ரமணி பாடியும் கற்பித்தும் காத்துவந்த பாடமும் இவற்றுக்கு முதன்மையான ஆதாரங்கள். ஸ்வரக் குறிப்பு வெளிவந்த பாட்டுகளில்கூட மேடைப் பாடம் சில இடங்களில் அச்சுப் பாடத்திலிருந்து விலகிவிட்டது. பாடகர்கள் சேர்த்த சங்கதிகள் மூலத்தோடு கலந்து, எது சிவனுடையது, எது பாடியவருடையது என்று பிரிக்க முடியாதபடி ஆகியிருக்கின்றன. திரைப்பாடல்களின் நிலை இன்னும் மோசம். படச்சுருள் அழிந்துபோன படங்களின் பாட்டுகள் இசைத்தட்டிலும் பாட்டுப் புத்தகத்திலும் மட்டுமே எஞ்சியுள்ளன. பாட்டுப் புத்தகத்தில் சொல் உண்டு, மெட்டு இல்லை. இசைத்தட்டுகளைக் கேட்டு ஸ்வரப்படுத்தி, கீர்த்தனைகளோடு ஒரே தொகுப்பாகத் தரும் செம்பதிப்பு வரும்போதுதான் மேடைக்கு எழுதிய சிவனும் திரைக்கு எழுதிய சிவனும் ஒருவரே என்பதை ஒவ்வொரு பிடியாக, ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டு நிறுவ முடியும்.